ஒரு குவளை கலங்கல் நீர்

பலேர்மோவில் இரவு பதினொன்று.
கப்பல்துறையில் சீட்டுக் கவுண்டரை மூடிவிட்டு வந்தால்
வீட்டில் நேற்றைய ரொட்டி,
நெத்திலி டப்பா, இரண்டு பல் பூண்டு.
போதும்.

ரொட்டியை உதிர்த்து எண்ணெயில் வறுக்கிறேன்.
பொன்னிறத்தில் இறக்கிவிட வேண்டும்.
இன்னும் ஒரு நொடி என்று ஆசைப்பட்டால் கரி.
அதே எண்ணெயில் பூண்டு, பிறகு நெத்திலி.
அது தானாகக் கரையும்,
கரண்டியால் அதட்ட வேண்டாம்.

ஸ்பகெட்டி வடிக்கும் முன்
வெந்த நீரில் ஒரு குவளை எடுத்து வை:
கவுண்டரில் எல்லாருக்கும் நான் சொல்லும் பாடம்.
இன்று போன் அடித்தது.
ஒரு கையில் அது, மறு கையில் சட்டி,
மொத்தமும் சாக்கடைக்குள்.

எதிர்க் கதவு க்ரோச்சிஃபிஸ்ஸாவோடு
துணிக்கொடிச் சண்டை.
ஏழு மாதமாகப் பேச்சில்லை.
அவள் சன்னலில் ஆவி தெரிந்தது.
தட்டினேன்.
உப்பு கேட்டிருந்தால்கூட கௌரவம்.
நான் கேட்டது
அவள் கொட்டப்போகிற தண்ணீரை.

என்னைப் பார்த்தாள். என் காய்ந்த சட்டியைப் பார்த்தாள்.
சிரிக்கவில்லை, அதுவே பெரிது.
"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று நீட்டினாள்.
நெத்திலியே உப்புதான்.
வாயைத் திறக்கவில்லை நான்.

தின்று முடித்தாயிற்று.
அவள் குவளை என் மேசையில்.
வெறுமனே திருப்பித் தருவதா?
வறுத்த ரொட்டித் தூள்
இன்னும் ஒரு பிடி இருக்கிறது.