தண்ணிக் கழிவு

மேற்பிரிவுக்கு நான் ஏறுவது மாதம் இரண்டு முறை.
ஒருமுறை மீட்டர் பார்க்க,
ஒருமுறை சிவப்பு நோட்டீஸ் கொடுக்க.
தலைக்கு மேலே
லக்சபானாவிலிருந்து புறப்பட்ட பெரிய கம்பி
மழை நாளில் கிர்ரென்று பேசிக்கொண்டே போகும்.
லயத்துக்கு ஒரு சொட்டும் சிந்தாது.

இன்று மழை விடவில்லை.
நிறுவைக் கொட்டகையில் ஒதுங்கிக் கைப்பேசியைப் பார்த்தேன்.
சூரியனைக் கலத்துக்குள் எரிக்கப் போகிறார்களாம்,
இன்னும் முப்பது வருடத்தில்.
நான் பௌதிகத்தில் தவறிய வருடமும்
முப்பது என்றுதான் சொன்னார்கள்.
அதற்கே இருபத்திரண்டு ஆகிறது.

"என்னா தம்பி, தனியா சிரிக்கிறீங்க?"
அமராவதி. கூடையை இன்னும் இறக்கவில்லை.

சொன்னேன்.
தண்ணீரில் கனத்த ஹைட்ரஜன் ஒன்று இருக்கிறது,
ஆறாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று.
அப்படி இரண்டை நெருக்கி இணைத்தால்
பிறகு நிறுக்கும்போது
கூட்டுத்தொகை இம்மி குறையும்.
குறைந்த அந்த இம்மிதான் வெளிச்சம்.

நெருக்குவதுதான் பாடு.
ஒன்றையொன்று தள்ளும்.
பத்துக் கோடி பாகை சூடு,
எந்தச் சுவரும் தாங்காது,
காந்தம் வைத்து அந்தரத்தில் பிடிக்கிறார்கள்.

"பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுல
ஒம்பது பேர நாங்க புடிச்சு வைக்கலியா"
என்றாள் பஞ்சவர்ணம்,
பின்னாலிருந்து.

தராசு ஆடி நின்றது.
முள் பத்தொன்பது என்றது.
கணக்கப்பிள்ளை பதினாறு என்று எழுதினார்.
மழையென்றால் தண்ணிக் கழிவு மூன்று.
வெயில் கொளுத்தினாலும் இரண்டு உண்டு.
பதினெட்டுக்குக் கீழே அரைப் பேர்.

அமராவதி நகரவில்லை.
"அப்ப தம்பி,
இந்த மூணு கிலோ எந்த வீட்டுல வெளிச்சமாகுது?"

முதலில் யாரும் சிரிக்கவில்லை.
பிறகு கொட்டகை முழுதும்.
கணக்கப்பிள்ளை பேனா மூடியைக் கடித்தார்.
என் பையில் அவள் பெயருக்கு ஒரு நோட்டீஸ்
நனைந்துகொண்டிருந்தது:
நாலாயிரத்து அறுநூற்றுப் பத்து ரூபா.

கீழே மவுசாக்கலை, சாம்பல் நிறத்தில்.
பழைய மஸ்கெலியாவை விழுங்கிய தண்ணீர்.
வரட்சி வந்தால் கோயில் தலை காட்டும்,
படம் பிடிக்க வேன் வேனாக ஆள் வரும்.
அதில் ஒவ்வொரு குவளைக்குள்ளும்
ஒரு பொட்டுச் சூரியன் மடித்து வைத்திருக்கிறது.
முந்திய வெளிச்சத்துக்கு ஓர் ஊரைக் கொடுத்தாயிற்று.
வருகிற வெளிச்சம் என்ன கேட்குமோ.

ஆனாலும் நான் நம்புகிறேன்.
கரியில்லாமல், டீசல் கப்பலுக்குக் காத்திருக்காமல்,
இன்னோர் ஊரை மூழ்கடிக்காமல்
அது வரட்டும்.
எனக்கு ஓய்வூதியம் வருவதற்குள் வந்தால் நல்லது.

"வந்தா அந்தச் சூரியனுக்கும் மீட்டர் பூட்டுவீங்களா?"

பூட்டுவோம் என்றேன்.
பொய் நாக்கில் வரவில்லை.

நோட்டீஸை எடுத்து நீட்டினேன்.
மையெல்லாம் கரைந்து,
தொகை மட்டும் அப்படியே நின்றது.
அவள் அதை உள்ளங்கையில் வைத்து
மேலும் கீழும் தூக்கிப் பார்த்தாள்,
கொழுந்துக் கூடையைப் போல.

"இதுலயும் தண்ணி இருக்கு தம்பி.
கழிச்சுக்கங்க."