சரக்கு விவரம்

புளியரைச் சோதனைச் சாவடியில்
மலையிறங்கி வரும் கோழி வண்டிகளின்
சக்கரங்களுக்கு மருந்தடிப்பது என் வேலை.
எண், சரக்கு, எங்கிருந்து, எங்கே:
நான்கு கட்டம் போட்ட பதிவேடு.
தாள் இல்லாமல் ஒரு வாத்துக்குஞ்சு இறங்காது.

இரண்டாம் சனி, நான்காம் சனி,
அதே தடுப்புக் கம்பியருகே
காலை பத்து மணிக்கு
என் மகள் வைகா கைமாறுகிறாள்.
"கைமாறுறான்னு மனுவுல எழுதாதீங்க,
சந்திப்பு நேரம்னு எழுதுங்க" என்றார்
வக்கீல் அருள்வளன்.

அவரிடம்தான் கற்றேன்
காப்பாளர் என்பது வேறு,
கையில் வைத்திருப்பது வேறு.
ஐந்து வயது முடியும்வரை பொதுவாகத் தாயிடம்.
வைகாவுக்கு ஆறு. நாற்காலியில் நிமிர்ந்தேன்.
"அஞ்சு முடிஞ்சா தானா உங்க பக்கம் சாயாது, சார்.
உங்களுக்கு என்ன பாத்தியதைன்னு யாரும் கேக்கப்போறதில்ல.
புள்ளைக்கு எது நல்லது?
அதத்தான் கேப்பாங்க."
ஃபீஸ் கொடுத்து வசவு வாங்கிய மாதிரி இருந்தது.

எந்தக் கோர்ட், தென்காசியா கொட்டாரக்கரையா?
குழந்தை வழக்கமாகக் குடியிருக்கும் இடம்.
வழக்கமாக.
அந்தச் சொல்லைச் செங்கோட்டை வீட்டுக்கு எடுத்துவந்து
ஒவ்வொரு அறையிலும் வைத்துப் பார்த்தேன்.
கட்டிலடியில் ஒற்றைச் செருப்பு.
பாதி மட்டும் நிறம் தீட்டிய யானை.
காய்ந்துபோன மஞ்சள் ரெயின்கோட்,
இந்தப் பக்கம் வெயில் என்பதால்
மறந்துவிட்டுப் போனது.

ஒரு ஞாயிறு அனுப்பாமல் விட்டால்?
இங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டால்?
யாரோ நண்பனுக்காகக் கேட்பதுபோல் கேட்டேன்.
பேனாவை மூடினார்.
"தூக்கி வச்சுக்கிட்டா குடியிருப்பு ஆயிடாது.
அதையும் நீதிபதி எழுதிக்குவாங்க,
உங்க பேருக்கு நேரா."

ஆடியில் ஒரு ஞாயிறு
கோட்டைவாசல் வளைவில் மண் சரிந்தது.
பால் வண்டி, பலகை வண்டி, ஆனவண்டி எல்லாம்
கம்பிக்கு இந்தப் பக்கம்.
எனக்குச் சந்தோஷமாக இருந்தது.
பிரமாணப் பத்திரத்தில் சொல்லாததை
இங்கே சொல்கிறேன்.

சாலையைப் படமெடுத்து, நேரம் தெரிய,
ரெஜிதாவுக்கு அனுப்பினேன்.
பின்னால் யாரும் கேட்டால் காட்டலாமே.
பதில் வந்தது, அவள் பாஷையில்:
"அவள் பல்லு தேச்சோ?"

தேய்க்கவில்லை.
பாதித் தூக்கத்தில் எழுப்பி நிறுத்தினேன்.
நுரையோடு சொன்னாள்:
"ரெண்டு தடவ துப்பணும், அம்மா சொல்லும்."
வாய்தாவுக்கு வாய்தா நாங்கள் பேசாத ஒன்றை
வாஷ்பேசினில் இரண்டு தடவை துப்பிவிட்டு
என் தோளில் தூங்கிப்போனாள்.

அடுத்த மாதம் நீதிபதி அவளைத் தனியறையில் பார்த்தார்.
என்ன கேட்டார் என்று நான் கேட்கக் கூடாது.
கேட்கவில்லை.
அவளாகச் சொன்னாள், மூன்று கலர் பேனா இருந்ததாம்,
பச்சையில் எழுதக் கொடுத்தார்களாம்.
என்ன எழுதினாய் என்று
நாக்கு நுனிவரை வந்தது.
வடை வாங்கிக் கொடுத்தேன்.

இன்று ஞாயிறு, மாலை ஐந்து.
மலைக்கு மேல் கறுத்திருக்கிறது.
ரெயின்கோட்டை நானே மாட்டிவிட்டேன்,
கடைசி பட்டன்வரை.
ரெஜிதா ஸ்கூட்டரைத் திருப்புகிறாள்.
மகள் முன்னால் நின்றுகொண்டு
ஹாரன் அடிக்கிறாள்.

சாய்த்த மருந்துக் குழாயோடு பார்த்து நிற்கிறேன்.
ஸ்கூட்டர்களுக்கு
எங்களிடம் பதிவேடு இல்லை.