நாடி

காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய பட்டியலில்
இருபத்து மூன்று பெயர்கள்.
டுலூத்திலிருந்து நாற்பது மைலுக்குள்.
புதியவர்களைப் பார்ப்பார்கள் என்பதற்கு
ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு பச்சைப் புள்ளி.

பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் விட்டதும்
எஞ்சின் சூடு ஆறுவதற்குள்
ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அழைக்க ஆரம்பித்தேன்.
எதிர்ச் சுவரில் சுவரொட்டி:
உதவியை நாடுங்கள், தயங்காதீர்கள்.

முதல் எண் ஒரு பல் மருத்துவமனை.
இரண்டாவதில் ஃபேக்ஸ் கருவியின் கீச்சல்.
மூன்றாமவர் குழந்தைகளை மட்டும்தான் பார்ப்பாராம்.
நான்காவது இடத்தில்
ஜூன் மாதம் பார்க்கலாம் என்றார்கள்.
அன்று நவம்பர் ஒன்பது.
ஐந்திலிருந்து பத்து வரை
குரல்பெட்டிகளில் என்னைப் போட்டுவிட்டு வந்தேன்:
பெயர் லோரீன் ஸ்கோக்லண்ட்,
அவசரம் ஒன்றுமில்லை,
முடிந்தால் கூப்பிடுங்கள்.

அவசரம் ஒன்றுமில்லை என்று ஏன் சொன்னேன்?

அக்டோபரில் ஒரு நாள்
தூக்குப் பாலம் எழும்பி
இரும்புத்தாதுக் கப்பலுக்கு வழிவிட்டது.
எனக்குப் பின்னால் முப்பத்தொரு பிள்ளைகள்.
கப்பல் போய்விட்டது, பாலம் இறங்கிவிட்டது,
என் கைகள் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே.
ஹாரன், ஹாரன்.
ஆறாம் வகுப்பு டேவின் எழுந்து வந்து
"பச்சை விழுந்திடுச்சு" என்றான்,
தூங்குகிறவரைத் தட்டி எழுப்பும் குரலில்.

பதினோராவது எண்ணை ஒருவர் எடுத்தார்.
டாக்டர் வெண்டெல் ப்ரூஸ்கி இருக்கிறாரா?
"செத்து இரண்டு வருஷம்.
நான் தம்பி. வீட்டைக் காலி செய்ய வந்தவன்,
இங்கேயே இருந்துவிட்டேன்.
இந்த வாரம் நீங்கள் நாலாவது ஆள்.
கம்பெனிக்கு இறப்புச் சான்றிதழ்
மூன்று தடவை அனுப்பிவிட்டேன்."
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
வருந்துகிறேன் என்றேன்,
எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.
பிறகு, "பேனா இருக்கிறதா?"

துறைமுகத்துப் புகைமீன் கடைக்கு மேல்மாடியில்
ஒரு பெண்மணி.
காப்பீடு வாங்கமாட்டார்,
வருமானத்துக்குத் தக்கபடி கட்டணம்.
தக்கபடி என்றால் எனக்கு
ஒரு தடவைக்கு அறுபத்தைந்து டாலர்.

வாடகை, ஹீட்டர் எண்ணெய்,
போன வருஷத்துப் பல்லுக்கு இந்த வருஷத் தவணை.
எங்கே கிள்ளினாலும் அறுபத்தைந்து வரவில்லை.
பிளாஸ்மா கொடுத்தால் எழுபது தருகிறார்கள் என்றாள்
பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் யவெட்,
முழங்கைத் தழும்பைக் காட்டி.

மையத்தில் விரலைக் குத்தினார்கள்.
எடை போட்டார்கள்.
நாடி நூற்றுப் பதினெட்டு.
"நூறைத் தாண்டினால் எடுக்கமாட்டோம்.
பத்து நிமிஷம் உட்கார்ந்து
அமைதியாகிவிட்டு வாருங்கள்."

அமைதியாகிவிட்டு!
அதை வாங்கத்தானே
இந்தக் காசுக்கு வந்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் நாற்காலி. தொலைக்காட்சியில்
யாரோ கேக்குக்கு ஐசிங் தடவினார்கள்.
கண்ணை மூடி
என் காலைத் தடத்தை ஓட்டிப் பார்த்தேன்:
எரிந்த வீட்டு முனையில் இரண்டு பேர்,
தேவாலயத்தின் முன்னால் ஐந்து பேர்,
அடுத்த நிறுத்தத்தில் கையுறையை எப்போதும் மறக்கும் பெண்,
அவளுக்காகப் பத்து விநாடி.
நூற்று நாலு.
மறுபடி தேவாலயம். மறுபடி அந்தப் பெண்.
தொண்ணூற்றொன்பது.
"பாஸ்" என்றான் பையன்.
பையில் வைக்கோல் நிறத்தில் இறங்கியது
என் முதல் அமர்வின் கட்டணம்.

மாடிப்படி முழுக்கப் புகைமீன் வாசம்.
அந்தப் பெண்மணி என் நாடியைப் பார்க்கவில்லை.
என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டார்.
நான் பல்லைப் பற்றிப் பேசினேன்.
ஐம்பது நிமிஷத்தில் நாற்பது
பல்லும் தவணையும்,
கட்டுக்குள் அரித்துக்கொண்டிருந்த முழங்கையும்.
கடைசியில்தான் பாலம் வந்தது.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்,
பார்த்ததை மறைக்கவுமில்லை.
"அடுத்த வெள்ளி, நாலரைக்கு?"

சரி என்றேன்.
திரும்பும் வழியில் மையத்தின் வாசலில்
புதுப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள்:
பழைய ஆட்களுக்கு இனி நாற்பது டாலர்.
குறைவது இருபத்தைந்து.
சிவப்பு விளக்கில் நின்று கணக்குப் போட்டேன்.
பச்சை விழுந்ததும் எடுத்துவிட்டேன்.