கொடிக்குப் பின் நான்கு கை

பன்னிரண்டு மீட்டர் பேருந்தை
ஒரு கீறல் படாமல் பின்னுக்கு எடுப்பேன்
அகுரெய்ரியின் ஏற்றத்தில், ஜனவரியில்,
டயர் வழுக்கும் தெருமுனையில்.
இடக்கண்ணாடி, வலக்கண்ணாடி,
இடையில் என் கழுத்து.
இருபத்திரண்டு வருடம்.
யார் வேலியையும் தொட்டதில்லை.
ஒரே ஒரு தபால்பெட்டி.
அதுவும் முன்னால் போகும்போது.

தண்ணீரில் மல்லாந்தால் மட்டும்
எனக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது.
இருட்டு இருந்தாலாவது
இருட்டு என்று சொல்லலாம்.

நாலு வகையும் கலந்த இருநூறு மீட்டரில்
பட்டாம்பூச்சியில் நான்தான் முன்னால்.
ஹ்ரெப்னா ஓர் ஆள் நீளம் பின்னால்.
புரண்டு முகம் மேலே திரும்பியதும்
அவள் என்னைத் தாண்டிப் போவாள்,
அவசரமே இல்லாமல்,
நிறுத்தத்தில் ஆள் ஏற்றும் வண்டியைத்
தாண்டிப் போகிறவள் மாதிரி.

போன வசந்தத்தில் தெற்கே போட்டி.
முதுகு நீச்சலின் கடைசி வீச்சில்
தலையைத் திருப்பி, தோளையும் திருப்பி,
சுவர் எங்கே என்று பார்த்தேன்.
பார்க்கத்தான் செய்தேன்.
வெள்ளைச் சட்டை நடுவர் கையைத் தூக்கினார்:
தொடுவதற்கு முன்பே புரண்டாய்.
பட்டியலில் என் பேருக்கு நேரே
நேரம் இல்லை, ஒரு கோடு.

நாற்பத்தொன்பது வயதில்
திரும்பிப் பார்த்ததற்குத் தண்டனை.
எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

அக்டோபரில் தொடங்கினோம்.
நெற்றிமேல் ஒரு பிளாஸ்டிக் கோப்பை,
அரைக் கோப்பைத் தண்ணீர்.
இடுப்பு புரளலாம், தோள் புரளலாம்,
கோப்பை மட்டும் அசையக் கூடாது.
மல்லாந்து துப்பினால் மார்மேல் என்பார்கள்.
துப்பாதவளுக்கு மூக்கில்.

ஹ்ரெப்னா பல் செய்கிறவள்.
பிறர் வாய்க்குள் கால் மில்லிமீட்டர் பிசகினாலும்
அவளுக்குத் தூக்கம் வராது.
கைபேசியில் என்னைப் படம் எடுத்து
ஈர விரலால் நிறுத்திக் காட்டினாள்:
"வலது கையைப் பதினொன்றரை மணியில் வைக்கிறாய்.
அதனால்தான் பாம்பு மாதிரி போகிறாய்.
ஒரு மணியில் வை."

வைத்தேன்.
நட்ட நடுத் தெருவில்
வண்டிக் கதவைத் திறந்துபோட்ட மாதிரி இருந்தது.
மூன்று மணி ஆகியிருக்கும் என்று நினைத்தேன்.
"இப்போதுதான் பன்னிரண்டு" என்றாள்.

இத்தனை வருடம் என் கை எங்கே இருக்கிறது என்று
எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

கூரை உள்ள குளங்களில்
உத்தரத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு போகலாம்.
எங்கள் குளத்துக்கு மேலே கூரை இல்லை.
வெந்நீரின் ஆவி மேலே போகிறது,
பனி கீழே வருகிறது,
இரண்டும் என் முகத்தில் சந்திக்கின்றன.
இமையில் விழுந்த செதில் உருகும்வரை
ஒரு கண்ணால் நீந்துகிறேன்.

டிசம்பரில் ஒரு சாயங்காலம்
மூன்றரைக்கே இருட்டி, விளக்கு மஞ்சளாகி,
கொடிகள் ஆவிக்குள் காணாமல் போயிருந்தன.
சுண்டுவிரல் முதலில். முழங்கால் கீழே. தலை சும்மா.
திடீரென்று மேலே முக்கோணங்களாய் ஏதோ கடந்தது.

ஒன்று.
இரண்டு.
கழுத்து கேட்டது: பார்க்கட்டுமா?
மூன்று.
ஒரே ஒரு தடவை?
நான்கு.

சொரசொரப்பான ஓடு.
நடுவிரல் நகம் பிளந்து எரிந்தது.
அந்த எரிச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

ஐம்பது மீட்டருக்கு
ஒன்றே முக்கால் விநாடி குறைந்திருக்கிறது.
ஹ்ரெப்னா இன்னும் எனக்கு முன்னால்தான்.
சுவரில் சாய்ந்து, மூக்கைச் சிந்தியபடி
"இடது கையையும் பார்க்கணும்" என்றாள்.

மறுநாள் காலை ஐந்தே முக்கால்.
பணிமனையில் ரிவர்ஸ் போட்டு
இடக்கண்ணாடி, வலக்கண்ணாடி பார்க்கிறேன்.
உள்ளே யாரோ எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றிலேயே பிரேக்கை மிதித்தேன்.