ஒரு தரம், ரெண்டு தரம்

காப்புக்காட்டில் அறுப்பின் பண்டிகை ஏலம்.
செந்துளுவன் குலை நானூற்றைம்பதுக்குப் போயிற்று.
அடுத்து காலைக் கட்டிய சேவல் என்றிருந்தோம்.
ரசலையன் வேறொன்றைத் தூக்கிக் காட்டினார்:
"பூ வைக்கிற குப்பி, அம்பது ரூவா!"

பதினோரு வருசம் கப்பலில்
பரிசுக் கடைக் கண்ணாடி துடைத்தவன் நான்.
வெனிஸில் இறங்கிய நாளில்
உலை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.
வெள்ளை நூல் புதைத்த கண்ணாடிக் கம்பியை
ஒருவன் முறுக்க, ஒருவன் பிடித்துப் பின்னால் நடப்பான்,
தேங்காப்பட்டணத்தில் கயிறு திரிப்பதுபோல.

வாங்கிப் பார்த்தேன்.
நகத்தால் இழுத்தேன், எங்கும் தட்டவில்லை.
மேலே பூசியதல்ல. உள்ளே ஓடுகிறது.
அச்சில் ஊற்றிய மடிப்புக் கோடு இல்லை.
கழுத்தில் முறுக்கு நெருங்கி
வயிற்றில் தளர்ந்து
அடியில் எல்லா நூலும் ஒரு புள்ளிக்குள் சுழல,
அங்கே
இரும்புக்கோலை ஒடித்த தழும்பு,
தேய்த்து மழுக்கிய தொப்புள்.
ஒரே ஒரு நூல் கோணல்.
இயந்திரத்துக்கு அப்படிக் கோணத் தெரியாது.
சீட்டு உரிந்த பசைத் தடம் மட்டும் இருந்தது.
நல்லது, சீட்டுதான் பொய் சொல்லும்.

"ஓய், ஒமக்கு இது என்னண்ணு தெரியுமா?"
"தெரியாது" என்றேன்.

நூறு என்றேன்.
நூற்றிருபது என்றாள் தங்கலெட்,
சந்தை முக்கில் ஜாக்கெட் தைப்பவள்.
"உள்ள கொண்டு நூல எப்பிடிக் கோத்தான்?"
என்று யாரிடமோ கேட்டபடி
முந்நூறு, நானூறு, அறுநூறு.
தெரிந்ததை மறைத்து நான் ஏற்றினேன்.
தெரியாததை உரக்கச் சொல்லி அவள் ஏற்றினாள்.
எண்ணூற்றைம்பது.

ஒரு தரம்.
ரெண்டு தரம்.

கட்டிப்போட்ட சேவல், உச்சி வெயிலில், கூவிற்று.

"நில்லும்" என்றேன்.
இத்தாலிக் கண்ணாடி, எண்பதாயிரமாவது பெறும்,
ஏலத்தை நிறுத்தும்.
சபை முழுக்கச் சிரித்தது.
"எண்பதாயிரமா! அப்ப நீரே எடும் ஓய்."
என் பையில் ஆயிரத்து நூறு இருந்தது.
வாய் திறக்கவில்லை.

மூணு தரம்.

ரூபாயை எண்ணி வைத்துவிட்டு
தங்கலெட் என் முகத்தைப் பார்த்தாள்.
பிறகு என்னைப்போலவே
கழுத்திலிருந்து அடிவரை
நகத்தால் மெதுவாக இழுத்தாள்.
"தட்டல்ல" என்றாள்.
முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்து சேவல்.
அதையும் முதலில் கேட்டது அவள்தான்.