நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு

கிளைப்பேதா துறைமுகத்தில்
என் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கன்டெய்னர்கள்
இரும்பு, துரு, கடற்காக்கையின் எச்சம்.
நான் அடுக்குகிறவற்றுக்கு எடையே இல்லை.
இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவன்
எதையும் தூக்கிப் பார்த்திருக்க மாட்டான்.

மூன்று வருடம் முன்பு
எங்கள் படகுச் சீட்டு மென்பொருள்
ஒரே பாறை.
முதியோர் சலுகையில் ஒரு சென்ட் திருத்தினால்
அக்கரைக்குப் போகும் கார் வரிசை நின்றுவிடும்.
உடைத்தோம்.
கட்டணம் தனி, கால அட்டவணை தனி,
ரசீது தனி, ரசீதை அனுப்புவதும் தனி.
முப்பத்தேழு நுண்சேவைகள்.
ஒன்று விழுந்தால் மற்றவை நிற்கும் என்றோம்.
நிர்வாகத்துக்குக் காட்டிய படத்தில்
அம்புக்குறிகள் அழகாகவே இருந்தன.

நேற்றிரவு என் முறை.
இரண்டேகால் மணி. திரை முழுக்கப் பச்சை.
கடமையால் அல்ல,
தூக்கம் வராததால்தான் பார்த்தேன்
ஓரத்தில் கிடந்த ஓர் எண்ணை:
மறுதொடக்கம், 4112.

சைக்கிளை ஏற்றலாமா என்று முடிவு செய்யும் சேவை.
இருப்பதிலேயே பொடியன்.
எழுதிய வீதெனிஸ்
இப்போது கவுனாஸில் ஏதோ வங்கியில்.

யாராவது சைக்கிளோடு வாசலுக்கு வந்தால்
இது வானிலைச் சேவையிடம் கேட்கும்:
காற்று எவ்வளவு?
அந்த வானிலைச் சேவையை
அக்டோபரில் அணைத்தது நான்.
மேகத்துக்குக் கட்டும் வாடகை மிச்சம் என்று
பாராட்டி மடல்கூட வந்தது.
பதில் வராது.
முப்பது நொடி காத்திருக்கும்.
சாகும்.
அதே அச்சில் இன்னொன்றை உடனே எழுப்பி
விளக்கைப் பச்சையாக்கிவிடும்
மேலிருந்து மேய்க்கும் நிரல்.
புதியதற்குப் பழையதன் சாவு தெரியாது.
அடுத்த சைக்கிள் வரும்.
காற்று எவ்வளவு?

ஒரு சைக்கிளுக்கு ஒரு சாவு.
அப்படியானால் அக்டோபர் முதல் மே வரை
அத்தனை பேரும் எப்படி அக்கரை போனார்கள்?
என்னிடம் ஒரு புகார்கூட வரவில்லையே.

விடிந்ததும் படகுத்துறைக்கு நடந்தேன்.
வாசலில் ரோமுவால்தஸ்,
மஞ்சள் சட்டை, சூரியகாந்தி விதைப் பொட்டலம்.
கேட்டேன்.
"உன் பெட்டியா? அது யோசிக்கும்.
யோசித்துக்கொண்டே இருக்கும்.
பின்னால் வரிசை நிற்குமே!
தொப்பியைக் கழற்றி நீட்டிப் பார்ப்பேன்.
பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தால் வேண்டாம் என்பேன்.
இல்லையென்றால் போ என்பேன்."
சொல்லிவிட்டு நோட்டை நீட்டினார்.
ஐந்தைந்து கோடாகப் பென்சிலில் போட்டிருந்தார்.
நின்றபடியே எண்ணினேன்.
நாலாயிரத்து எழுபத்தொன்று.
நாற்பத்தொன்று இடிக்கிறதே என்றேன்.
"திருப்பி அனுப்பியவர்கள்" என்றார்.
"ஒருவன் அழுதான். அக்கரையில் கல்யாணம்."

அலுவலகம் வந்து திருத்தத்தைத் திறந்தேன்.
மொத்தம் இரண்டு வரி.
பதில் வராவிட்டால்
என்பது வரை எழுதிவிட்டேன்.
காற்று இல்லை என்று எடுத்துக்கொள்ளவா?
இருக்கிறது என்றா?
கர்சர் மினுக்குகிறது.
வெளியே கிரேன் ஒன்று
உண்மையான பெட்டியைத் தூக்கிக்கொண்டு
காற்றில் லேசாக ஆடுகிறது.

பழைய படத்தை எடுத்து
முப்பத்தெட்டாவது கட்டம் வரைந்தேன்.
பெயர்: தொப்பி.
அம்புகளை எங்கே இணைப்பதென்று தெரியவில்லை.

கிளம்பும்போது அவர் போகிற போக்கில் சொன்னது,
"ஜூன் ஒன்பது எனக்கு முழங்கால் ஆபரேஷன்,
ஆறு வாரம் வரமாட்டேன்."
இன்றைய பணிப்பட்டியலில்
அதை மட்டும் ஏற்றியிருக்கிறேன்,
சிவப்பில்.