நான்தான் ஓடுவன்

மீனம்பாக்கத்தில், தரிப்பிடத்தின் மூன்றாம் தூணருகே
சாவியோடு நின்றவரின் பெயர் தணிகைவேல்.
'டிரைவர் எங்க மேடம்?'
'நான்தான் ஓடுவன்' என்றேன்.
என் செருப்பை ஒருதரம் பார்த்தார்.
பிறகு, 'கேரளாவா?'

பெர்கன் என்றேன். அதற்கு முன் உரும்பிராய்.
படிவத்தில் ஒரு கோடுதான் இருந்தது.
நோர்வே என்று நிரப்பி
தமிழில் கையெழுத்துப் போட்டேன்.
சர்வதேச லைசென்ஸைத் தலைகீழாகவும் ஒருமுறை படித்துவிட்டு
காரைச் சுற்றிவந்து கைபேசியில் படமெடுத்தார்.
கதவில் ஒரு கீறல், பின்பம்பரில் சொட்டை.
'இது பழசு. இதுவும் பழசு.
இனிமே வர்றதெல்லாம் உங்களுது.'

வெளியே மே மாதம், பிற்பகல் இரண்டு மணி.

பெர்கனில் வலப்பக்கம்.
இங்கே இடப்பக்கம்,
பதினாறு வயதுவரை நான் சைக்கிள் ஓடிய பக்கம்.
மூளை அதைச் சட்டென்று கண்டுபிடித்துக்கொண்டது.
கைக்குத்தான் சொல்ல முடியவில்லை.
வலம் திரும்ப சிக்னல் போடுவதாக நினைத்து
இடக்கைக் குச்சியைத் தட்டினேன்.
வைப்பர் எழுந்து
காய்ந்த கண்ணாடியைக்
கரகரவென்று துடைத்தது.
பின்னால் வந்த ஆட்டோக்காரர்
தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தார்.

கத்திப்பாராவில் எல்லாப் பாதையும் வளைந்து ஏறி
ஏறிய இடத்திலேயே இறக்கிவிட்டது.
கைபேசிக்குள் இருந்தவள்
வடபழனியை ஏதோ வியாதியின் பெயர்போலச் சொன்னாள்.
ஆலந்தூர் மெட்ரோ நிலையம் மூன்று தரம் வந்துபோனது.
மூன்றாம் தரம், நிழலில் நின்ற போக்குவரத்துக் காவலர்
தெரிந்த ஆளுக்குப் போலக் கையசைத்தார்.
திரும்பவும் துடைத்தேன்.

ஹாரன்.
பதினொரு வருடத்தில் அங்கே இரண்டு முறை அடித்திருக்கிறேன்,
ஒன்று தவறுதலாக,
மற்றது ஒரு செம்மறிக்கு.
இங்கே அது கோபமில்லை என்று விளங்க
அசோக் நகர் வரை போகவேண்டியிருந்தது.
வருகிறேன், நீ போ, இருக்கிறேன், சும்மா,
எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான்.
ஆற்காடு சாலையில், மெட்ரோத் தகரங்களுக்கு நடுவே,
தண்ணீர் லாரி ஒன்றின் பின்னால் சொட்டுச் சொட்டாக நகர்ந்தபோது
நானும் சொல்லிப் பார்த்தேன், சின்னதாக.
லாரி பதில் சொன்னது.

வளசரவாக்கத்தில் மச்சாள் கேட்டாள்,
'ஆரடி ஓடிக்கொண்டு வந்தது?'
அந்தக் கேள்வியை யாரும் திருத்தவில்லை.
அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

நாலாம் நாள் அதே தூண்.
தணிகைவேல் குனிந்து, நிமிர்ந்து, சுற்றிவந்தார்.
புதுக் கீறல் ஒன்றுமில்லை.
முன்கண்ணாடியில் நின்றார்.
வைப்பர் ரப்பரில் விரலை ஓட்டினார்.
நார்நாராக வந்தது.
'மழையே இல்லையே மேடம்.'
'ஓம்' என்றேன்.

வேறென்ன சொல்வது.
முன்பணத்தில் நானூற்றைம்பது கழித்து
ரசீதை நீட்டினார்.
பெட்டியை இழுத்துக்கொண்டு பத்தடி போயிருப்பேன்.
'இருந்தாலும் நல்லாத்தான் ஓடியிருக்கீங்க.'

குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.